முதல் நாள் ஒரு கல்கூடப் பதிக்கவில்லை!

மாதம் பிறந்தால் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கடன் தவணை இன்னொரு பக்கம். நடுவில் அடியேன்! கிரகப்பிரவேசத்துக்கு ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தாயிற்று. பாக்கி, தரை மட்டும்தான். ஒரு ஹால், இரண்டு பெட்ரூம். "நாலு நாள் வேலை சார்" என்றார்கள் எல்லோரும். எல்லோரும் என்றால், டைல்ஸ் போட்டே பழக்கமில்லாத எல்லோரும்!

கல் வந்து இறங்கியது. நாலடிக்கு ரெண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ். வீறாப்பாக ஒன்றைத் தூக்கினேன். கிட்டத்தட்ட 15 கிலோ! 'உனக்கு ஆபீஸ் ஃபைல்தான் லாயக்கு' என்றது இடுப்பு.

முதல் நாள் காலை மேஸ்திரி வந்தார். எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் ஒன்றுதானா என்று பார்த்தார். பிறகு நூல்கண்டை எடுத்தார். தலைவாசலில் ஆரம்பித்து, ஹாலைக் கடந்து, பெரிய பெட்ரூம் கதவு வழியாக எதிர்ச்சுவர் வரை ஒரே நூல். குறுக்கே இன்னொன்று. நூல்கள் வெட்டும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறி போட்டு, இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடித்தார். சரியாக 5 அடி வந்தால்தான் மூலைமட்டம் சரி. ஸ்கூலில் பிதாகரஸ் தேற்றம் நடத்தியபோது நான் தூங்கியது ஞாபகம் வந்தது.

மதியம் ஆயிற்று. ஊஹூம்... ஒரு கல்கூடப் பதியவில்லை.

"என்ன மேஸ்திரி, நூலையே புடிச்சுக்கிட்டிருக்கீங்க... பட்டம் விடப் போறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "செவுரு நேரா இருக்கும்னா நினைக்கிறீங்க? எந்த வீட்லயும் இருக்காது சார். செவுத்தைப் புடிச்சே போனா, ஹால்ல துளி சாயறது, உள் ரூமுக்குப் போறப்ப நல்லாவே கோணிக்கும்."

கலவை இல்லாமல் சும்மா கல்லை அடுக்கிக் காட்டினார். பத்தேகால் அடி அகலம். ஒரு சுவரிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து முழுக் கல், கடைசியில் நாலு இஞ்ச் சொச்சம் சில்லு. வெட்டவும் கஷ்டம், பார்க்கவும் அசிங்கம். நூலை நகர்த்தினார். இப்போது நடுவில் நாலு முழுக் கல், இரண்டு ஓரத்திலும் ஓரடிக்கு மேல் துண்டு. அடடா!

மறுநாள் பதிப்பு. விட்ரிஃபைட் கல் தன் எடையில் அரை சதவிகிதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் பசைதான். அதைத் தரையில் தடவி, சீப்பு மாதிரிப் பல் வைத்த கரண்டியால் கோடு இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லப் பூசினார். சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட்டார்.

"அதை ஏன் விடறீங்க?"

"வெயில்ல கல்லு விரியும் சார். எடம் இல்லேன்னா ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டுக் கூடாரம் மாதிரி எழும்பிக்கும். ஸ்கர்ட்டிங் போட்டா இடைவெளி மறைஞ்சிடும்."

தூண் மூலைக்கு 'எல்' வடிவில் வெட்ட வேண்டும். நேரே மெஷினை வைத்தால் உள்மூலையிலிருந்து விரிசல் ஓடும். முதலில் அங்கே ஒரு ஓட்டை, அப்புறம்தான் வெட்டு. வெட்டுகிற பையன் வாயில் துண்டைக் கட்டியிருந்தான். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், துண்டெல்லாம் அதைத் தடுக்காது. நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்து, தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினுக்கு ஏற்பாடு செய்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

மூன்றாவது அறை, சின்ன பெட்ரூம். விசேஷத்துக்கு இரண்டே நாள்.

"மேஸ்திரி, இங்கே நூல் வேண்டாம். செவுத்தைப் புடிச்சு ஆரம்பிங்க. ராத்திரியோட முடிச்சாகணும்!"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீடு சார்" என்றார். அவ்வளவுதான்.

கூடுதலாக ரெண்டு ஆள் வந்தார்கள். சீப்புக் கரண்டி ஓரம் போனது. கல்லுக்கு அஞ்சு உருண்டை பசை, ஒரு அமுக்கு. விடிவதற்குள் வேலை முடிந்தது.

விசேஷத்தன்று ஹாலைப் பாராட்டாதவர் இல்லை. சின்ன பெட்ரூமிலோ ஜன்னலோரம் நாலு இஞ்ச்சில் ஆரம்பித்து ரெண்டு இஞ்ச்சில் முடிகிற ஒரு சில்லு வரிசை. நடந்தால் 'டொக்... டொக்' என்று அடியில் காலி இருக்கும் சத்தம். கனமாக ஏதாவது விழுந்தால் அந்த இடம்தான் முதலில் உடையும். பெயர்த்துப் போடலாம் என்றால் மிச்சக் கல் கையில் இல்லை, அதே ஷேடு நம்பர் கடையிலும் இல்லை.

இப்போது அந்தச் சில்லை மறைத்து என் கட்டில் கிடக்கிறது. தினமும் நான் படுப்பது என் அவசரத்தின் மேல்தான்!

நீங்களும் டைல்ஸ் போடப் போகிறீர்களா? மிச்சத்துக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். முதல் நாள் முழுக்க மேஸ்திரி நூலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு டீ வாங்கிக் கொடுங்கள். வடையும் சேர்த்து!