பதற்றநோய்க்குத் தியானம்: அளவும் உண்டு, வரம்பும் உண்டு

பதற்றநோயால் அவதிப்படுகிறவர்களுக்கு இருவேறு அறிவுரைகள் வந்து சேர்கின்றன. தினமும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், மாத்திரையே வேண்டாம் என்பார்கள் சிலர். நோய் என்றால் மாத்திரைதான், தியானமெல்லாம் பொழுதுபோக்கு என்பார்கள் வேறு சிலர். மருத்துவ ஆய்வுகள் இந்த இரண்டு தரப்புக்கும் சாதகமாக இல்லை. தேர்ந்த பயிற்றுநரிடம் கற்று, சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்தால் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ தியானம் பதற்றநோய்க்கு உண்மையான சிகிச்சையாகிறது என்பதே ஆய்வுகளின் சாரம். சிகிச்சை என்று ஏற்றுக்கொண்டால் அதற்கு அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, ஒத்துவராத நோயாளிகளும் உண்டு என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

மருத்துவமனைகளில் இன்று கற்றுத்தரப்படும் வடிவம் 1979இல் தொடங்கியது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்பப்பட்டவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். பௌத்தத்தின் விபாசனா, ஜென் மரபுகளிலிருந்தும் ஹட யோகத்திலிருந்தும் எடுத்தவற்றை மதச் சடங்குகள் இல்லாமல் பாடத்திட்டமாக்கினார். முதல் வகுப்பில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகக் கடித்துச் சாப்பிடச் சொல்வார்கள். பிறகு தரையில் படுத்து, இடது கால்விரல்களில் தொடங்கி உச்சந்தலைவரை உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தும் பயிற்சி. மனம் வேறெங்கோ ஓடுவதைப் பயிற்சியின் தோல்வியாக யாரும் எண்ணுவதில்லை. அது ஓடிப்போனதை அறிந்து, கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சியே. எண்ணமே இல்லாத நிலையை அடைவது இதன் நோக்கமல்ல.

பதற்றநோய்க்கு இது ஏன் உதவுகிறது என்பதை நோய் வளரும் விதத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். நெஞ்சு படபடக்கிறது, மாரடைப்போ என்ற எண்ணம் வருகிறது, அந்த எண்ணமே படபடப்பைக் கூட்டுகிறது. அச்சம் தரும் இடத்தை, பேச்சை, பயணத்தைத் தவிர்த்தால் உடனே ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் தவிர்க்கத் தவிர்க்க, அது ஆபத்தானதுதான் என்ற நம்பிக்கை மனதில் வேரூன்றிவிடுகிறது. தியானப் பயிற்சி இந்தச் சுழலின் நடுவில் புகுந்து வேலை செய்கிறது. ‘நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மாரடைப்பு என்ற எண்ணம் வந்திருக்கிறது’ என்று உடல் உணர்வையும் எண்ணத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகியவருக்கு, அந்த எண்ணத்தை உண்மைச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் குறைகிறது. ஓடி ஒளியாமல் உட்கார்ந்திருக்கும்போது, பதற்றம் ஓர் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குவதையும் அவர் அனுபவத்தில் அறிகிறார்.

மாத்திரையோடு ஒப்பிட்டால்...

இதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று, எலிசபெத் ஹோஜ் தலைமையிலான குழு 2022இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்ட ஆய்வு. பதற்றநோய் உறுதிசெய்யப்பட்ட 276 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு, பதற்றநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரை; மற்றொரு பிரிவுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி. யார் எந்தப் பிரிவு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் நோயின் தீவிரத்தை ஏழு புள்ளி அளவுகோலில் கணக்கிட்டார்கள். தியானப் பிரிவில் சராசரியாக 1.35 புள்ளியும், மாத்திரைப் பிரிவில் 1.43 புள்ளியும் குறைந்திருந்தன. மாத்திரையைவிடத் தியானம் சோடைபோகவில்லை என்பதே முடிவு. அந்தத் தியானத்தின் அளவையும் கவனிக்க வேண்டும்: வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி. கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடம் கேட்கும் குரலுக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது.

இந்த ஆய்வில் எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாம் பிரிவு இல்லையே, இரு பிரிவினருமே காலப்போக்கில் தானாகத் தேறியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எஸ்சிடலோபிராம் வெற்று மாத்திரையைவிடப் பலன் தருவது முந்தைய ஆய்வுகளில் நிறுவப்பட்டது. தியானத்துக்கும் தனிச் சான்று இருக்கிறது. 2014இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ வெளியிட்ட தொகுப்பாய்வு, ஒப்பீட்டுப் பிரிவுகள் கொண்ட 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பதற்றம் ஓரளவு குறைவதை உறுதிசெய்தது. மருந்து, உடற்பயிற்சி, நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே, தியானம் பலன் தரும் பல வழிகளில் ஒன்று. எல்லாவற்றையும் ஓரங்கட்டும் வழி அல்ல.

யாருக்கு ஒத்துவராது?

கண்ணை மூடினாலே பயம் கூடுகிறது என்று சொல்பவர்களைப் பயிற்சி போதாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. ஹோஜ் குழுவின் ஆய்விலேயே தியானப் பிரிவில் 13 பேருக்குப் பதற்றம் கூடியது பதிவாகியிருக்கிறது. கொடிய அனுபவங்களின் வடு உள்ளவர்களுக்கு, உடலை உற்றுக் கவனிப்பதே பழைய நினைவுகளைக் கிளறிவிடலாம். கண்ணைத் திறந்தபடி, மூச்சுக்குப் பதிலாகத் தரையில் பதியும் பாதங்களையோ வெளியிலிருந்து வரும் ஒலியையோ கவனிக்கச் சொல்லும் பயிற்றுநர் இவர்களுக்குத் தேவை. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிறர் முன்னிலையில் ஏற்படும் சமூகப் பதற்றநோய்க்குத் தியானத்தை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. அதே நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ‘மிரியட்’ ஆய்வு, வகுப்பறையில் எல்லோருக்கும் பொதுவாகக் கற்றுத்தந்த தியானத்தால் மாணவர்களின் மனநலம் மேம்படவில்லை என்று காட்டியது. தேவைப்படாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் திணிப்பதால் பயனில்லை.

இன்னொரு ஆட்சேபம் ஆழமானது. ஓய்வில்லாத வேலை, கடன், குடும்ப வன்முறை போன்றவை தரும் அழுத்தத்துக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பது, பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டுவதாகாதா? வேலைநேரத்தைக் குறைக்க மறுத்துவிட்டு ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தும் நிறுவனத்தை நோக்கி இந்தக் கேள்வியை எழுப்பியே ஆக வேண்டும். ஆனால் காரணம் வெளியில் இருந்தாலும், தூக்கமின்மையும் படபடப்பும் அந்த மனிதரின் உடலில்தான் இருக்கின்றன. உலகம் திருந்தும்வரை அவரைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. நிலைமையை மாற்றப் போராடுவதும் மனதுக்குச் சிகிச்சை பெறுவதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல.

எனவே, பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து வேலையையும் தூக்கத்தையும் குலைத்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கினாலும் இதே படபடப்பு வரும். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தியானத்தை நம்பி அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. தியானம் கற்க விரும்பினால், அதைச் சிகிச்சையாகக் கற்றுத்தரும் பயிற்சி பெற்றவரைத் தேடி, எட்டு வாரம் நேரம் ஒதுக்குங்கள். பதற்றம் கூடினால் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.