ஆதித்த கரிகாலன் கொலையும் இருவேறு சான்றுகளும்

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் ஏறத்தாழ கி.பி. 969-இல் மறைந்தான். அம்மறைவைக் குறித்து இரு சான்றுகள் இருவேறு வகையாகப் பேசுகின்றன. காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, அவன் கொல்லப்பட்டான் என்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, விண்ணுலகைக் காணும் விழைவால் சென்றான் என்கிறது.

கல்வெட்டு முதல் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது. அது வழக்கினை ஆராய்ந்த தீர்ப்பன்று. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்குப் போந்த நில ஆணையைக் கூறுவது. சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலிய உடன்பிறந்தாரைத் துரோகிகள் எனச் சுட்டி, அவர்தம் சுற்றத்தார் உடைமையையும் கவர்ந்துகொள்ளப் பணிக்கின்றது. கொலைச் செய்தி இதில் நிலத்தின் வரலாற்றை விளக்கவே இடம்பெறுவதால், அதனை ஐயுற வேண்டுவதில்லை. ஏவியவர் யார், காரணம் யாது என்பன பற்றி அது வாய் திறக்கவில்லை.

செப்பேட்டின் வடமொழிப் பகுதி கொலைக்கு அரைநூற்றாண்டின் பின் எழுந்த குலப்புகழ்ப் பாட்டு. விண்ணுலக விழைவு என்பது கொலையை மறுத்தல் அன்று, மங்கல வழக்கு. ஆயின், சிறிய தந்தை அரசை விழைந்தமையால் அருண்மொழி அதனை விட்டுக்கொடுத்தான் என்றும் அப்புலவன் பாடுகின்றான். இதனையும் கொண்டே நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்து, இராசராசன் தன் மகனுக்கு உத்தமனின் பெயராகிய மதுராந்தகன் என்பதனையே சூட்டினான் எனக் காட்டினார். மதுரையை வென்ற குடிக்கு அப்பெயர் பொதுப் பெருமையாதலின், இம்மறுப்பும் முற்ற வலியுடையதன்று. எனினும், விட்டுக்கொடுத்த பெருந்தன்மையைப் பாட வந்த புலவனுக்கு விழைந்தவன் ஒருவன் வேண்டும். அவ்விழைவைக் கொலைக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

உத்தமன் ஆண்ட ஆண்டுகளில் கொலைஞர் தண்டிக்கப்படவில்லை என்பார் கூற்று இன்னும் மெலிது. 987-இல் சுற்றத்தார் உடைமை கவரப்பட்டதையே கல்வெட்டு கூறுகின்றது. குற்றவாளிகள் எப்பொழுது ஒறுக்கப்பட்டனர் என அது கூறவில்லை. சொல்லாததைச் சாட்சியாகக் கொண்டு ஓர் அரசன்மேல் கொலைப்பழி ஏற்றுதல் முறையாகுமா?

பஞ்சவன் என்னும் பட்டத்தால் இரவிதாசனைப் பாண்டியர் ஆளாக்கி, வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்கினான் என்பாரும் உளர். கதை சுவையுடையதே, கல்கியின் பொன்னியின் செல்வனைக் கற்றார் பலர் அதனை வரலாறாகவே கொள்வர். ஆயின், இராசராசனின் தேவியருள் ஒருத்தி பஞ்சவன்மாதேவி. இரவிதாசனின் உடன்பிறந்தான் தாங்கியதோ இருமுடிச்சோழன் என்னும் பட்டம். இவ்விரு பட்டங்களையும் சோழ அரசே தன் அதிகாரிகட்கு ஈந்தது எனக் கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை.