தன்னைத் தானே எழுப்பும் கணிப்பொறி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்

பூட்டிய வீடு. சாவியோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எப்படித் திறப்பது?

கணிப்பொறியின் சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் இதே சிக்கல்தான் எழுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று நாம் சொல்லும் இயங்குதளம் அட்டையிலோ வட்டிலோ உறங்கிக் கொண்டிருக்கிறது. அதை எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? அதற்கும் ஒரு நிரல் வேண்டுமல்லவா? தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக் கொள்வது பற்றி ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த வாருக்குப் ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர். ‘பூட்’ என்ற கணிப்பொறிச் சொல் அதிலிருந்து வந்ததே. இயங்குதளத்தை ஏற்றி வைக்கும் சிறு நிரலே ‘பூட் லோடர்’ ஆகும்.

இவ்வாண்டு எங்கள் துறை ஆய்வகத்தில் அப்படியொரு நிரலை அமைத்து, தொகுத்து, இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதில் கற்றதையும், செய்த பிழையையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று படிகள்

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ‘பீகிள்போன் பிளாக்’ என்னும் சிறு கணிப்பொறிப் பலகை. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது, உள்ளங்கையில் அடங்கும். இதில் 512 மெகாபைட் நினைவகம் உண்டு. ஆனால் மின்சாரம் வந்த அக்கணமே அந்த நினைவகம் பயன்படாது. அதற்குரிய கால அளவுகளை ஒரு நிரல் அமைத்துக் கொடுத்த பிறகே அது விழிக்கும்.

எனவே தொடக்கம் படிப்படியாக நடக்கிறது. முதற்படி, சிப்பைச் செய்தவர்களே அதனுள் அழிக்க முடியாதபடி பதித்துவிட்ட ‘ரோம்’ நிரல். பலகையில் உள்ள ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், இந்த நிரல் பலகையின் உள் சேமிப்பை விட்டுவிட்டு, நாம் செருகிய மைக்ரோ எஸ்.டி. அட்டையைப் படிக்கிறது. அதிலுள்ள ஒரு குறுநிரலைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்துக்குக் கொண்டு வருகிறது. அங்கே கிடைப்பது 128 கிலோபைட்டுக்கும் குறைவான இடமே. முழுப் பூட் லோடர் அதில் கொள்ளாது.

ஆகவே இரண்டாம் படியாக வருவது ‘எஸ்.பி.எல்.’ எனப்படும் அந்தக் குறுநிரல். பெரிய நினைவகத்தை எழுப்புவதும், முழுப் பூட் லோடரை அங்கே ஏற்றுவதுமே அதன் தலையாய வேலை. மூன்றாம் படியாகிய பூட் லோடர் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிவிட்டு ஒதுங்கிக் கொள்கிறது. தொடர் ஓட்டத்தில் கோலை அடுத்தவர் கையில் கொடுப்பது போன்றது இது.

ஒரு வினாத்தாள்

நாங்கள் எடுத்துக்கொண்டது ‘யூ-பூட்’ என்னும் பூட் லோடர். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் என்பவர் ‘பி.பி.சி.பூட்’ என்ற பெயரில் வளர்த்த இந்நிரல், பலவகைச் செயலிகளுக்கும் பொதுவானதாகி 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் மூல நிரலை யாரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம்.

மூல நிரல் ஒன்று. அது ஓட வேண்டிய பலகைகளோ ஏராளம். ஆகவே தொகுப்பதற்கு முன் நம் பலகை எத்தகையது என்று சொல்லியாக வேண்டும். முன்பு ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தலைப்புக் கோப்பில் இவற்றைக் கையால் எழுதி வந்தார்கள். 2014-இல், லினக்ஸில் வழங்கிய ‘கேகான்ஃபிக்’ என்னும் முறையை யூ-பூட்டும் மேற்கொண்டது. இதை ஒரு வினாத்தாள் எனலாம். செயலி எது? வலைத்தொடர்பு வேண்டுமா? எந்தக் கட்டளைகள் தேவை?

எல்லா வினாக்களுக்கும் நாமே விடை தேட வேண்டியதில்லை. பலகைக்கு ஏற்ற விடைத்தொகுப்பு ‘டெஃப்கான்ஃபிக்’ என்ற பெயரில் ஆயத்தமாக இருக்கிறது. முதலில் அதை எடுத்துக்கொண்டு, பிறகு ‘மெனுகான்ஃபிக்’ என்ற திரையில் வேண்டியதை மட்டும் மாற்றலாம். ‘இல்லை’ என்று விடை சொன்ன பகுதி, தொகுத்த நிரலில் இடம்பெறவே பெறாது, இடம் மிச்சமாகும். ஒரு வினாவை நம்பி வேறு வினாக்களும் உண்டு. வலைத்தொடர்பு வேண்டாம் என்றால் அதைச் சார்ந்த வினாக்கள் திரையிலிருந்து மறைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: இயங்குதளத்தை ஏற்றுமுன் எத்தனை வினாடி காத்திருப்பது என்றொரு வினா. பொது விடை 2. பூஜ்யம் என்றால் காத்திருக்காது. ஆனாலும் விசையை அழுத்தி நிறுத்தலாம். ‘-2’ என்று கொடுத்தாலோ விசையைப் பார்க்கவே பார்க்காது. ஓர் எண்ணில் இத்தனை வேறுபாடு!

விடைகள் முடிந்ததும் ‘மேக்’ என்னும் கட்டளை தொகுக்கத் தொடங்குகிறது. நம் மேசைக் கணிப்பொறியின் செயலி வேறு, பலகையின் ஏ.ஆர்.எம். செயலி வேறு. ஆதலால் இங்கிருந்தே அந்தச் செயலியின் மொழிக்கு மாற்றித் தரும் ‘கிராஸ் கம்பைலர்’ தேவைப்படுகிறது.

நான் செய்த பிழை

பலகைக்கும் நம் மேசைக் கணிப்பொறிக்கும் பேச்சு ஒரு சீரியல் கம்பி வழியே நடக்கிறது. அதன் வேகம் என்ன என்பதும் வினாத்தாளில் உண்டு. விடை 115200 என்று சரியாகவே இருந்தது. என் பழைய குறிப்பேட்டிலோ 9600 என்று எழுதியிருந்தேன். எது சரி என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. விடையை 9600 என மாற்றித் தொகுத்து, அட்டையில் எழுதி, பலகையை இயக்கினேன்.

திரையில் பொருளற்ற குறிகள் சில தோன்றின. வேறொன்றும் இல்லை. துறைக்கு இருப்பதே அந்த ஒரு பலகைதான். அதைக் கெடுத்துவிட்டேன் என்றே எண்ணினேன். அதன் விலை அப்பாவின் எத்தனை நாள் கூலி என்று மனம் கணக்குப் போட்டது. மூன்று முறை அணைத்துப் போட்டும் பயனில்லாமல், கடைசியில் ஆசிரியரிடம் போய் நின்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. “எதைப்பா மாற்றினாய்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மேசைக் கணிப்பொறியின் வேகத்தை 9600 ஆக்கிவிட்டுப் பலகையை மீண்டும் இயக்கச் சொன்னார். யூ-பூட்டின் பெயரும் பதிப்பெண்ணும் வரிவரியாகத் திரையில் வந்தன!

115200-ஐ 9600-ஆல் வகுத்தால் 12. பலகை ஒரு பிட் சொல்லும் நேரத்தில் எங்கள் திரை பன்னிரண்டு பிட் எண்ணிக் கொண்டிருந்தது. பலகை கெடவில்லை, ஒழுங்காகவே பேசிக்கொண்டிருந்தது. நான் எழுதியது அட்டையில்தான். சிப்புக்குள் இருக்கும் முதல் நிரலை என்னால் தொட்டிருக்கவே முடியாது. பின்பு விடையைப் பழையபடி 115200 ஆக்கி, மறுபடி தொகுத்து முடித்தேன்.

முடிவாக ஒன்று

அந்த வினாத்தாள் கேட்பது நம் குறிப்பேட்டில் உள்ளதை அன்று. கையிலிருக்கும் பலகையில் உள்ளதை. தெரிந்ததற்கு விடை சொல்ல வேண்டும். தெரியாததை மாற்றுமுன் கேட்டறிய வேண்டும். இதைக் கற்க எனக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று.

இன்னொன்றும் தோன்றுகிறது. கணிப்பொறி தன்னைத் தானே எழுப்பிக் கொள்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அதன் முதல் வரிகளை யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர். முதல் வரி அவருடையது.

பலகை இல்லையே என்று நண்பர்கள் தயங்க வேண்டாம். ‘க்யூஈமு’ என்னும் இலவச நிரல் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பலகையைப் போல நடிக்கும். அதற்கான விடைத்தொகுப்பும் யூ-பூட்டில் உண்டு. முயன்று பாருங்கள். ஐயம் எழுந்தால் உடனே கேளுங்கள்.