கான்கிரீட்டை எங்கே தட்டுவது?

பழைய போர்டிகோ தளத்தைப் பெயர்க்க வேண்டும் என்றதும் முதலில் எழும் கேள்வி, எத்தனை கிலோ பிரேக்கரை வாடகைக்கு எடுப்பது என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: தளம் பிளந்து விலக எந்தப் பக்கம் இடம் இருக்கிறது? கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வீடுகளில் போடும் எம்20 கான்கிரீட் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. இழுவை என்று வந்துவிட்டால் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கிலேயே விட்டுவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கம்பி கட்டுகிறோம். மண்மேல் போட்ட பழைய தளங்கள் பலவற்றில் கம்பியே இருக்காது. ஆகவே உடைப்பவர் தேட வேண்டியது கான்கிரீட்டுக்குள் இழுவையை உண்டாக்கும் வழி. தூண், பீம், மேல்தளம் ஆகியவற்றில் இன்ஜினியரைக் கேட்காமல் யாரும் கைவைக்கக் கூடாது. இங்கே பேசுவது தரையைப் பற்றி மட்டும்.

சம்மட்டியைப் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8 பவுண்டு சம்மட்டி சுமார் 3.6 கிலோ. அது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்து விழுந்தால் ஒரே அடியில் 115 ஜூல் ஆற்றல். கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் 10 கிலோ ரக மின் பிரேக்கரின் ஓர் அடி 20 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். 16 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய மெஷினிலேயே 40 ஜூல் அளவுதான். ஓர் அடிக்கு ஓர் அடி என்று பார்த்தால் சம்மட்டிதான் பலசாலி. மெஷின் ஜெயிப்பது எண்ணிக்கையில்: நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள், அத்தனையும் உளியின் நுனி நிற்கும் அதே புள்ளியில். சம்மட்டியின் முகமோ அகலமானது. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் தளத்தில் அதன் அடி பரவி, பெரும்பகுதி கீழே மண்ணுக்குள் இறங்கி வீணாகிறது. கை வலிக்கிறது, தளத்தில் வெள்ளைத் தழும்பு மட்டும் விழுகிறது.

இந்த இடத்தில்தான் கடப்பாரையின் அருமை தெரியும். தளத்தின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து, கீழே ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்து நெம்பினால் ஓரம் ஓர் அங்குலம் எழும்பும். அவ்வளவு போதும். அடியில் தாங்க மண் இல்லாத நிலையில் மேலே ஒரு சம்மட்டி அடி விழுந்தால் தளம் வளைகிறது. வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் கீழே தொடங்கி மேலே ஓடிவருகிறது. நாலு அங்குலத் தளம் பலகைபோல இரண்டாகப் பிரியும். மெஷினே இருக்கும்போது இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். மெஷினுக்கும் இதே விதிதான். தளத்தின் நடுவில் பிரேக்கரை நிறுத்தி அழுத்தினால் உளி ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். விரிசல் விட்டு விலகச் சுற்றிலும் இடம் இல்லை. ஓரத்திலிருந்து மூன்று நான்கு அங்குலம் உள்ளே வைத்து, கூர் உளியால் துண்டு துண்டாகத் தள்ளிக்கொண்டே வந்தால் அதே மெஷின் அசராமல் வேலை செய்யும்.

பெரிய மெஷினாக எடுத்தால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணமும் பாதிதான் சரி. கனமான மெஷின் தன் எடையாலேயே கீழே அழுத்திக்கொள்ளும் என்பதால் தரைக்கு நல்லது. சுவரில் டைல்ஸ் பெயர்க்க அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அங்கே 5 கிலோ ரகமும் பட்டை உளியும் போதும். சுவரை ஒட்டிய தளத்தை உடைப்பதற்கு முன் கட்டிங் மெஷினில் டைமண்ட் பிளேடு மாட்டி ஓரமாக ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்துவிட வேண்டும். விரிசல் அந்தக் கோட்டோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். சுவர்ப் பூச்சும் தப்பும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி சத்தமே போடாதது. கிணற்றிலும் அஸ்திவாரக் குழியிலும் வெடி வைக்க முடியாத இடத்தில் 'கெமிக்கல் போட்டு' பாறை உடைக்கிறார்களே, அந்தப் பொடி. அதில் முக்கியமாக இருப்பது சுட்ட சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, உப்பி, நீற்றுப்போவது நம் ஊரில் தலைமுறைகளாகத் தெரிந்த சங்கதி. அப்படி நீறும்போது திடப்பொருளின் பருமன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சாதாரணச் சுண்ணாம்பு சில நிமிடங்களில் பொங்கி முடிந்துவிடும். இதை மிக அதிக வெப்பத்தில் இறுகச் சுட்டிருப்பதால் மணிக்கணக்கில் மெதுவாக நீறுகிறது. ஓரடி இடைவெளியில் துளைகள் போட்டு, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றிவிட்டு வந்தால், மறுநாள் துளைக்குத் துளை விரிசல் ஓடியிருக்கும். துளைச் சுவரில் அது தரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனைத் தாண்டும். கான்கிரீட் தாங்கும் இழுவையோ இரண்டு மூன்றுதான். பழைய மோட்டார் பீடம், ஒன்றரையடிக்கு மேல் கனமான கான்கிரீட் பாளம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். நாலு அங்குலத் தளத்தில் துளைக்கு ஆழம் போதாது. வெயில் காலத்தில் அந்தச் சூட்டுக்கென்று விற்கும் ரகத்தையே வாங்க வேண்டும்; இல்லையென்றால் கலவை துளையிலிருந்து பீறிட்டு அடிக்கும். ஊற்றிய பிறகு துளைக்குமேல் குனிந்து பார்ப்பவரின் கண் போய்விடலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் தூசிக்கு எதுவும் ஒதுக்குவதில்லை என்பதுதான் வருத்தம். கான்கிரீட்டில் மணலும் ஜல்லியும் இருக்கின்றன. அவற்றில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புழுதி தொண்டையோடு நின்றுவிடும். தெரியாத நுண்தூள் நுரையீரலின் அடிவரை போய்ப் படிந்து தழும்பாக்கும். அந்த சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து இல்லை. படிக சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது. முகத்தில் சுற்றும் துண்டு இந்த நுண்தூளைத் தடுக்காது. என்95 மாஸ்க் வேண்டும். "வாங்கிக் கொடுத்தாலும் அவர்கள் போடுவதில்லையே" என்பார்கள். வெயிலில் 10 கிலோ மெஷினைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்குக்குள் மூச்சு விடுவது பெரும்பாடு. கழற்றுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தூசி கிளம்பாமல் செய்வதே முதல் வேலை. தளத்தை முன்பே நனைத்து, உளி விழும் இடத்தில் இன்னொருவர் விடாமல் மெல்லிய தாரையாகத் தண்ணீர் தெளிக்கலாம். மின்சார மெஷினோடு தண்ணீர் சேர்வதால் லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். மெஷின்மேல் தண்ணீர் படக் கூடாது. தண்ணீர் தெளிக்கும் அந்த இன்னோர் ஆளின் கூலி, மாஸ்க், நிழலில் உட்கார்ந்து எழும் நேரம் எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் பேரம் பேசும்போதே வீட்டுக்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பத்து அடி, நாலு அங்குலத் தளம் என்றால் ரப்பீஸ் மட்டும் இரண்டேகால் டன் வரும். அதைச் சாக்கில் அள்ளும்போதும் தூசி கிளம்பும் என்பதால் அந்த நேரத்துக்கும் தண்ணீரும் ஆளும் வேண்டும்.