ஐந்தொகையும் கணிப்பொறியும்

நம் சாலைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்ததும் பெற்றோர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: அடுத்து என்ன படிக்க வைப்பது? மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்ற மூன்று பெயர்களுக்கு அப்பால் நான்காவது பெயர் நம் செவியில் விழுவது அரிது. அண்மைக் காலத்தில் ‘மேலாண்மைத் தகவல் முறை’ என்றொரு பாடத்தின் பெயரைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். பெயரின் நீளத்தைக் கேட்டே தந்தையர் மலைக்கின்றனர். “கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு?” எனத் தாய்மார் தயங்குகின்றனர்.

அத்தயக்கம் வேண்டுவதில்லை. இப்பாடத்தின் வேர் நம் கடை மேசையிலேயே இருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிய, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவர். ஆயினும் இப்பாடம் எதனைக் கற்பிக்கின்றதோ, அதன் நடுவிலேதான் நாள்தோறும் பணி செய்கிறோம். ஆதலின் சொல்லத் துணிகிறோம்.

சிட்டையிலிருந்து ஐந்தொகைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கம்போளத்தை நிறுவிய நாள்தொட்டு, இத்தெருவின் உயிர் கணக்கிலே இருந்து வருகிறது. பழைய கணக்கப்பிள்ளைகள் எழுதிய முறையைச் சற்று நினைவிற் கொள்ளுங்கள். அன்றாடம் நடந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தும் சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பதியும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எழும். சிட்டையைக் கடைப்பையன் பார்ப்பான். பேரேட்டைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார். முதலாளியோ ஐந்தொகை ஒன்றைப் பார்த்தே அடுத்த ஆண்டு மிளகில் பணம் போடுவதா, வெல்லத்தில் போடுவதா என முடிவு செய்வார்.

ஒரே நிகழ்ச்சி மூவர்க்கு மூன்று வடிவில் பயன்படுகிறது. மேலாண்மைத் தகவல் முறையின் அடிப்படை இதுவே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் ஆண்டனி என்பார் 1965-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனத்தின் முடிவுகளை மூன்று படிகளாகப் பகுத்தார்: அன்றாட வேலையைக் கவனிப்பது ஒன்று, வேலை ஒழுங்காக நடக்கிறதா என மேற்பார்ப்பது மற்றொன்று, நெடுங்காலத்திற்குத் திட்டமிடுவது மூன்றாவது. நம் சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் இப்படிகளோடு எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காணுங்கள்.

தேநீர்க் கடையிற் பிறந்த கலை

கணிப்பொறியை வாணிகத்திற்கு முதன்முதல் பயன்படுத்தியவர் யார்? வங்கியன்று, போர்த்துறையன்று. இலண்டன் மாநகரில் தேநீர்க் கடைகள் பல நடத்திய லயன்ஸ் என்னும் நிறுவனமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்து, அதனை அடியொற்றி ‘லியோ’ என்ற பொறியைத் தாமே அமைத்தனர். 1951 நவம்பரில் அது ரொட்டி அடுமனைக் கணக்கைப் போட்டது. 1954-இல் தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையையும் ஏற்றது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான சரக்குப் பட்டியல் பொறியில் முன்னரே இருந்தது. மாற்றம் உண்டாயின் அதனை மட்டும் தொலைபேசியில் கேட்டுப் பதிந்தனர்.

எல்லாவற்றையும் நாள்தோறும் எழுதாமல் மாறியதை மட்டும் எழுதுக என்னும் இச்சிந்தனை பொறியின் திறமையன்று. தொழிலை அறிந்த மனிதரின் திறமை. அத்திறமையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியோருள் முன்னோடியாக மதிக்கப்படுபவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் டேவிஸ். 1968-இல் அங்கு இத்துறைக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1974-இல் அவரது பாடநூல் வெளிவந்தது.

இரயில்வே காட்டும் பாடம்

நம் நாட்டு எடுத்துக்காட்டுக்கு வருவோம். முன்னாளில் இரயில் முன்பதிவு எவ்வாறு நடந்தது என்பதை மூத்த ஊழியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டிக்கொரு பதிவேடு; அதில் நாளுக்கொரு பக்கம். ஒரு வண்டிக்குரிய சாளரத்தில் நின்றவர்க்கு மற்றொரு வண்டியில் இடமுண்டா என்று அங்கேயே சொல்ல இயலாது. வேற்றூரிலிருந்து திரும்பும் பயணத்திற்குத் தந்தி கொடுத்து விடைக்குக் காத்திருக்க வேண்டும். 1985-இல் புதுதில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1986-இல் இரயில்வே தகவல் முறைகளுக்கெனத் தனி மையம் அமைந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைந்தன. அன்றுமுதல் எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாயிற்று.

பயணச் சீட்டில் பத்து இலக்க எண் ஒன்று இருப்பதை அறிவீர்கள். பயணியின் பெயர், வயது, வண்டி, நாள், படுக்கை யாவும் அவ்வெண்ணின்கீழ் அடங்கும். செய்தியை ஓரிடத்தில் ஒருமுறை எழுதி, வேண்டும் இடமெல்லாம் எண்ணால் அழைத்துக்கொள்வது தரவுத்தளம் என்னும் பாடத்தின் முதல் நெறி.

அதே பதிவை இருவர் இருவிதமாகக் காண்கின்றனர். வண்டியிலுள்ள சீட்டுப் பரிசோதகர்க்குப் பெயரும் படுக்கை எண்ணும் வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓணத்திற்கும் கூடுதல் பெட்டி இணைப்பதா, சிறப்பு வண்டி விடுவதா என முடிவு செய்யும் அதிகாரிக்குப் பெயர் எதுவும் வேண்டா. காத்திருப்போர் எத்தனை பேர் என்ற தொகையே வேண்டும். பரிசோதகரிடம் தொகையையும் அதிகாரியிடம் பெயர்ப்பட்டியலையும் கொடுத்தால் இருவர் வேலையும் கெடும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் கேட்டுப் பதிந்தவர் மட்டுமே. இடமில்லை எனக் கேள்வியுற்று, சீட்டே எடுக்காமல் பேருந்தில் ஏறித் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போனவர் அதில் இல்லை. நம் கடையிலும் அவ்வாறே. விற்ற சரக்கு சிட்டையில் ஏறும். கேட்ட சரக்கு இல்லையென வெறுங்கையோடு திரும்பியவர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இருக்கும் கணக்கைப் படிப்பவன் எழுத்தன். கணக்கில் ஏறாதது எது என வினவுபவனே இக்கல்வியைக் கற்றவன்.

கணக்குப் பிழைத்தால்

செய்தி மிகுந்தால் அறிவு மிகும் என எண்ணுதல் தவறு. 1967-இல் இரஸ்ஸல் அக்காஃப் என்னும் அறிஞர், மேலாளர்கள் பெரிதும் வருந்துவது செய்திக் குறைவால் அன்று, வேண்டாத செய்தியின் மிகுதியால் என்று எழுதினார். கைப்பேசி ஓயாது ஒலிக்கும் இக்காலத்தில் அக்கூற்றுக்கு உரை வேண்டுமோ?

மிகுதியினும் கொடியது பிழை. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணிப்பொறிக் கணக்கு முறையைப் புகுத்தியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியோர் பெரும்பாலும் சிறு கடைக்காரர்; அவர்களுள் இந்திய வழியினரும் பலர். மாலையில் கணக்கு முடித்தால் பெட்டியில் இருக்கும் பணத்தைவிட மிகுதியாகப் பொறி காட்டியது. குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து ஈடு செய்யுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். சேமிப்பை இழந்தார், வீட்டை விற்றார், 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். பிழை பொறியில் இருந்திருக்கலாம் என்பதை 2019 டிசம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2024-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது.

பணச் சாளரத்தில் அமரும் எவர்க்கும் இச்செய்தி நெஞ்சைச் சுடும். நாணயம் ஒன்றையே முதலாகக் கொண்டு அயலூரில் பிழைக்க வந்த நம் போன்றோர்க்கு, ‘பணத்தைக் கையாடினான்’ என்ற ஒரு சொல் மூன்று தலைமுறைப் பெயரையும் அழித்துவிடும். கணக்கப்பிள்ளை தவறினால் ஏட்டைப் புரட்டி அடித்தல் திருத்தலைக் காட்டலாம். பொறி தவறினால் காட்டுவதற்கு ஏடு எங்கே? தணிக்கைத் தடம் என்ற பாடப்பகுதி இதற்கே உள்ளது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைப் பொறியே அழியாமல் எழுதி வைக்குமாறு அமைப்பது அது. இதனைக் கற்ற பிள்ளை நூறு குடும்பங்களின் மானத்தைக் காக்க வல்லது.

இக்காலத் துபாசி

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்க்குத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையைத் தமிழர் மறவார். அயல்மொழி பேசுவோர்க்கும் நம் வணிகர்க்கும் இடையே நின்று, இருவர் கருத்தையும் இருவர்க்கும் விளக்கியவர் துபாசி. தொழில் செய்வோர்க்கும் கணிப்பொறி அமைப்போர்க்கும் இடையே இன்று அவ்வேலையைச் செய்பவரே முறைமை ஆய்வாளர். கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தையும் கேட்டறிந்து, பொறிக்கு விளங்கும் வகையில் எழுதித் தருதல் அவர் கடமை. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமும் பழகிய நம் பிள்ளைகளுக்கு, இம்மும்மொழிப் பயிற்சி சீதனமாகவே வாய்த்திருக்கிறது. அதனைக் குறையென எண்ணிக் கூசுதல் ஏன்?

எங்கே, எவ்வாறு பயில்வது?

‘மேலாண்மைத் தகவல் முறை’ என்ற பெயரிலேயே பட்டம் இருத்தல் வேண்டும் என்பதில்லை. மேலாண்மை, வணிகவியல், கணிப்பொறிப் பயன்பாடு ஆகிய பட்டங்களில் இது ஒரு தாளாகவோ சிறப்புப் பிரிவாகவோ அமைகிறது. நம் நகரில் கேரளப் பல்கலைக்கழகம் உளது. 1939-இல் தோன்றிய பொறியியற் கல்லூரி உளது. 2020-இல் நிறுவப்பெற்ற எண்ணிமப் பல்கலைக்கழகமும் உளது. உறவினர் வீட்டில் தங்கிச் சென்னையில் பயில விரும்புவோர்க்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தகவல் முறைமை மேலாண்மையோடு கூடிய வணிகவியல் பட்டம் உண்டு. கடையை விட்டு நகர இயலாதோர்க்கு, 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே பயில வழி செய்கிறது.

பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு வினாக்களைக் கேட்டல் நலம். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கிறதா? கணக்கியலும் புள்ளியியலும் பாடத்தில் உண்டா? தரவுத்தளமும் முறைமை ஆய்வும் கற்பிக்கின்றனரா? உண்மையான ஓர் அலுவலகத்திலோ கடையிலோ மாணவர் செயல்திட்டம் செய்ய வேண்டுமா? நான்கிற்கும் ‘ஆம்’ என விடை வாராத இடத்தில், கட்டடம் எத்துணைப் பளபளப்பாயினும் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டா. ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் பழக்கும் குறுகியகாலப் பயிற்சி, அம்மென்பொருள் மாறும் நாளில் பயனற்றுப் போகும்.

பெண்மக்கள் இப்படிப்பிற்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். மளிகைச் செலவையும் சீட்டுப் பணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் ஒரு சம்பளத்துக்குள் அடக்கி நடத்தும் தாய்மாரிடம் வளர்ந்தவர்களுக்கு, எந்தத் தொகை எப்போது வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமோ?

பிள்ளை செயல்திட்டத்திற்கென வந்து கேட்கும்போது, “கடைக் கணக்கில் உனக்கென்ன வேலை?” என்று விரட்டாதீர்கள். பேரேட்டைத் திறந்து கொடுங்கள். கடன் எவ்வாறு எழுதுகிறோம், வராத கடனை எப்போது கைவிடுகிறோம், ஆடியில் எதனைக் குறைவாக வாங்குகிறோம் எனப் பக்கத்தில் அமர்த்திச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் தர இயலாத பாடம் அது. பொறிமொழியைப் பேராசிரியர் கற்பிப்பார். தொழிலின் மொழியைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேருமாயின், நம் முன்னோர் இத்தெருவில் ஈட்டிய நாணயம் கணிப்பொறி உலகிலும் நின்று நிலவும் என்பது திண்ணம்.