மூத்த நாய்க்கு ஏற்ற இளைய நாய்

நாய் வளர்க்க விரும்பும் நெல்லைக்காரர் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. வடக்கே இரண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் சென்றால் இராசபாளையம். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் சிப்பிப்பாறை. கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்தில் கன்னி. தேனி மாவட்டம் வரை போக மனமிருந்தால் கோம்பை. தமிழ்நாட்டின் பெயர் பெற்ற நாட்டு நாயினங்கள் நான்கும் தாமிரபரணியிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ஒன்றில் இடம்பெற்றது இராசபாளையம் நாய்.

இத்தனை அருகில் கிடைப்பதால், வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தாலும், "துணைக்கு இன்னொன்று இருக்கட்டும்" என்று குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறோம். முதல் நாயைத் தேர்ந்தெடுக்கும்போது அது நமக்குப் பிடித்திருந்தால் போதும். இரண்டாவது நாயைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் அதனுடன் இருக்கப்போவது மூத்த நாய்தான். ஆனால் அதன் சம்மதத்தைக் கேட்பவர் அரிது. பொருத்தம் அமையாவிட்டால் என்ன நடக்கிறது? ஆறு மாதங்களில் ஒன்று புறவாசலில் சங்கிலிக்குள் அடைபடுகிறது. இல்லையெனில் இரவோடு இரவாக நாற்கரச் சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படுகிறது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. எனவே, குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் நாயை நன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பால். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை அறிஞர்கள், ஒரே வீட்டில் வளர்ந்தும் ஓயாது சண்டையிட்ட 38 நாய் இணைகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் பெரும்பாலானவை ஒரே பாலைச் சேர்ந்த இணைகள். கடுவன்கள்தாம் சண்டைக்காரர்கள் என்ற நம் எண்ணத்துக்கு மாறாக, பெட்டைகள் சம்பந்தப்பட்ட சண்டைகளே மிகுதி. சண்டையைத் தொடங்கியதும் பெரும்பாலும் மூத்த நாய் அன்று, பின்னால் வந்த இளையதுதான். உணவு, கீழே கிடந்து கண்டெடுத்த பொருள், வீட்டுக்காரர் ஒன்றை மட்டும் கொஞ்சுவது, யாரேனும் வரும்போது எழும் பரபரப்பு ஆகியவையே காரணங்கள். ஆகவே, வீட்டில் பெட்டை இருந்தால் கடுவனையும், கடுவன் இருந்தால் பெட்டையையும் தேடுவது முதல் விதி எனலாம். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலையுண்டு. பெட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் அதைப் பிரித்துக் காக்க வேண்டும். தவறினால் 63 நாளில் ஓர் ஈத்துக் குட்டிகள் வந்து சேரும். கருத்தடை அறுவைக்கு உடன்படாதவர்கள் ஆணும் பெண்ணுமாக வளர்க்க முனையாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வயது. மூத்தது ஒன்றிரண்டு வயதைக் கடந்து, கூப்பிட்டால் வரும் அளவுக்குப் பழகியிருந்தால் குட்டி அதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். மூத்தது இன்னும் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தால் குட்டி அதையும் கற்றுக்கொள்ளும். பத்து வயது கடந்து மூட்டு வலியோடு தார்சாவில் படுத்துக் கிடக்கும் கிழ நாய்க்கு, வாலைக் கடித்து இழுக்கும் குட்டி ஒரு தண்டனை. அத்தகைய வீட்டுக்கு நிதானமான, வளர்ந்த நாயே பொருந்தும். ஒரே ஈத்தில் இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்குவதையும் பழக்குநர்கள் ஊக்குவிப்பதில்லை. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மனிதனைப் பார்க்க மறந்துவிடுகின்றனவாம்.

குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளும் முக்கியம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி பிற நாய்களோடும் மனிதரோடும் உறவாடக் கற்கிறது என்று அவர்கள் காட்டினர். எந்த அளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவை கத்துவதிலிருந்துதான் அது அறிகிறது. முப்பது நாள் குட்டியை விற்பவர், இந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்தி நம் கையில் தருகிறார். எட்டு வாரம் பொறுப்பது மூத்த நாய்க்குச் செய்யும் உதவி.

இனத்தின் இயல்பையும் மறக்கலாகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. முயல் வேட்டை இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது. துரத்தும் வேட்கை அதன் இரத்தத்திலிருந்து போய்விடவில்லை. வீட்டில் இருப்பது சின்னஞ்சிறு பொமரேனியன் என்றால், ஒரு வயதான சிப்பிப்பாறைக்கு அதன் ஓட்டம் எதை நினைவூட்டும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. வளர்ந்த பின் கொண்டுவருவதுதான் ஆபத்து.

செவியைச் சோதியுங்கள்

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நின்று பேச ஆசைப்படுகிறேன். இராசபாளையம் நாயின் தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் அழகுதான். ஆனால் இவ்வினக் குட்டிகளில் பிறவிச் செவிடு அடிக்கடி காணப்படுவதை வளர்ப்பவர் அனைவரும் அறிவர். வெண்மைக்கும் செவிக்கும் என்ன தொடர்பு?

உள் செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் நிரம்பிய திரவம், சூழ்ந்துள்ள திரவத்தைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. ஒரு சிறு மின்கலம் என்றே கொள்ளலாம். ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச்செல்கள் இந்த மின்கலத்தை நம்பியே வேலை செய்கின்றன. மின்கலத்தைக் காத்துவரும் திசுவுக்கு நிறமிச் செல்கள் வேண்டும். தோலுக்கு நிறம் தருபவையும் இதே குடும்பத்துச் செல்கள்தாம். மிகு வெண்மை தரும் சில மரபணுக்கள் இச்செல்கள் உள் செவியை அடையாமல் தடுத்துவிட, பிறந்த மூன்று நான்கு வாரங்களில் மின்கலம் தளர்ந்து, மயிர்ச்செல்கள் மடிகின்றன. இழந்த செவி மீள்வதில்லை. வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில், அமெரிக்காவில் சோதித்தவற்றுள் ஏறக்குறைய 30 விழுக்காடு ஒரு செவியிலோ இரு செவியிலோ கேளாதவை.

குட்டி விற்குமிடத்தில் நாம் செய்யும் சோதனை என்ன? கையைத் தட்டுகிறோம், தரையைக் காலால் உதைக்கிறோம். குட்டிகள் திரும்புகின்றன, "காது நன்றாகக் கேட்கிறது" என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இந்தச் சோதனை செல்லாது. தரை அதிர்வு பாதம் வழியே போய்ச் சேரும். அருகில் தட்டும் கை காற்றைத் தள்ளும், நிழலும் ஆடும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், கூடப்பிறந்தவை ஓடுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் ஓடும். எனவே ஐந்து வாரம் கடந்த குட்டியைத் தனியே மண் தரையில் விடுங்கள். ஒருவர் அதன் முன் அமர்ந்து விளையாட்டுக் காட்டட்டும். மற்றவர் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அதன் கண்ணில் படாமல், சாவிக்கொத்தை மெல்லக் குலுக்கட்டும். மடல் அசைகிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். அடுத்தடுத்துச் செய்தால் குட்டிக்குச் சலித்துவிடும். இடைவெளி விட்டு, இடம் மாற்றிச் செய்யுங்கள்.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் செல்கிறது. இரு செவிகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு பக்கத்து ஒலி மறு செவியை அடைய விநாடியில் ஏறத்தாழ 2,300-இல் ஒரு பங்கு தாமதமாகும். இச்சிறு தாமதத்தையும், இரு செவிகளில் ஒலியின் வலிமை மாறுபடுவதையும் கொண்டுதான் மூளை திசையை அறிகிறது. ஒரு செவி மட்டும் கேட்கும் குட்டி ஒலி எழுந்ததை அறியும். எங்கே என்று தெரியாமல் தவறான பக்கம் தேடும். ஐயம் தீர, ஒலித் துடிப்புகளைச் செவியில் செலுத்தி மூளைத்தண்டின் மின் எதிர்வினையை அளக்கும் சோதனை உண்டு. அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று.

ஒரே நாயுள்ள வீட்டில் செவிட்டு நாயைக் கைச்சைகையால் நன்கு பழக்கலாம். இரண்டாவது நாயாக அது வரும்போதுதான் கேள்வி எழுகிறது. மூத்த நாயின் உறுமல்தான் முதல் வேலி. கேட்கும் குட்டி உறுமலுக்கே விலகிவிடும். கேளாத குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு வட்டிலில் வாய் வைத்தால், அடுத்து வருவது பல். மறுபுறம், மூத்தது சாதுவாக இருந்தால் அதுவே குட்டிக்குக் காதாகிவிடும்: அது வாசலுக்கு ஓடினால் இதுவும் ஓடும். ஆக, செவிட்டுக் குட்டியை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் தெரியாமல் வாங்கக் கூடாது.

முதல் சந்திப்பு

குட்டி வந்தவுடன் இரண்டையும் சேர்க்கக் கூடாது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ வைரஸ் இரத்தப்போக்கோடு குட்டிகளைக் கொல்வது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. மூத்ததற்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிகள் முறையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குட்டியை மருத்துவரிடம் காட்டி, பத்துப் பதினைந்து நாள் தனியறையில் வையுங்கள். ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தொடர் பதினாறாம் வாரம் வரை நீளும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி.

இந்தத் தனிமை நாட்கள் வீணாவதில்லை. நம் மூக்கில் மோப்பச் செல்கள் ஐம்பது அறுபது இலட்சம். நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேல். குட்டி படுத்த சாக்கை மூத்ததன் அருகிலும், மூத்ததன் சாக்கைக் குட்டியின் அருகிலும் போட்டு வைத்தால், முகம் பார்க்கும் முன்பே இரண்டும் அறிமுகமாகிவிடும்.

வளர்ந்த நாய்களாயின், முதல் சந்திப்பை மூத்தது தனதென்று கருதாத இடத்தில் வைக்க வேண்டும். பிசான அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல் மிகப் பொருத்தம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருநாய் புழங்கும் வயலிலோ ஆற்று மணலிலோ இறக்கக் கூடாது. அதற்கு அடுத்த வீட்டு முற்றம் போதும். ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடந்து, மெல்ல மெல்ல நெருங்குங்கள். நேருக்கு நேர் கொண்டுவருவது நாய் மொழியில் சவால். விட்டுவிட்டால் அவை தாமே வளைந்து வந்து பின்புறத்தை முகரும். கயிற்றை இறுக்கினால் அந்த வளைவு நேர்கோடாகிவிடுகிறது. நம் பதற்றமே சண்டைக்கு வித்து. முன்காலைத் தாழ்த்திப் பின்புறம் உயர்த்தினால் விளையாட்டுக்கு அழைப்பு. உடல் விறைத்து, பிடரி சிலிர்த்து, ஓசையின்றி உற்றுப் பார்த்தால் உடனே விலக்குங்கள். வாலாட்டுவதெல்லாம் நட்பு அன்று. இத்தாலிய அறிஞர்கள் 2007-இல் படம் பிடித்து அளந்ததில், உரிமையாளரைக் கண்ட நாயின் வால் வலப்புறமும், மிரட்டும் அயல் நாயைக் கண்ட வால் இடப்புறமும் கூடுதலாகச் சாய்ந்தது தெரிந்தது. வெறும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது.

வீட்டுக்குள் வட்டில்கள் இரண்டு, தண்ணீர்ச் சட்டிகள் இரண்டு, படுக்கும் சாக்குகள் இரண்டு. சில வாரங்களுக்குச் சோறு வெவ்வேறு அறையில். மூத்ததன் பழைய மூலையைக் குட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாம் வெளியே போகும்போது ஒரு கதவு இடையில் இருக்கட்டும். இரண்டும் பழகிவிட்டனவா என்று சொல்ல ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் ஒத்துவராவிட்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.