புகைக்குழலில் ஓட்டை: செலவைக் குறைப்போம், மூச்சைக் காப்போம்

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஆயினும் கொக்குவில், கோண்டாவில், இணுவில் வழியாகச் செல்லும் காங்கேசன்துறை வீதியில் கார்கள் ஓடாமல் விடவில்லை. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரும் அவற்றிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தனர். புதிய உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாட்களில், கையில் கிடைத்ததைக் கொண்டு அந்த வாகனங்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் எமது கராஜ் தொழிலாளர்களே.

அந்தக் கைத்திறன் இன்றும் எமக்குத் தேவை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 தொடக்கத்திலேதான். இடம்பெயர்ந்து குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் குடும்பங்களுக்குப் பழைய வானும் லாண்ட்மாஸ்ரருமே கைகொடுக்கின்றன. ஆனால் அக்காலத்திலிருந்து தொடரும் ஒரு பழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். புகைக்குழலில் ஓட்டை விழுந்தால், "சத்தம்தானே, ஓடட்டும்" என்று விடும் பழக்கமே அது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மழை நாளில், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சில குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்த பெற்றோல் வானொன்றில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். மழைக்காக யன்னல்கள் மூடப்பட்டிருந்தன. மரக்கறி மூடைகளோடு பின்னால் இருந்த இரு பெண்களுக்குத் தலையிடி; ஒரு சிறுவன் வாந்தி எடுத்தான். "வெறுவயிறு, அதுதான்" என்றார்கள். சந்தையில் இறங்கிச் சிறிது நேரத்தில் எல்லோருக்கும் சுகமாயிற்று. திரும்பும் வழியில் அதே தலையிடி மீண்டும் வந்தது. கொக்குவிலில் ஒரு கராஜில் நிறுத்திப் பார்த்தோம். பின் ஆசனத்துக்குக் கீழே குழலில் பெருவிரல் நுழையக்கூடிய ஓட்டை. அதற்கு நேர் மேலே வானின் தரைத்தகட்டையும் கறள் தின்றிருந்தது. எங்களை வருத்தியது வெறுவயிறு அல்ல, புகை.

மணமில்லாத நஞ்சு

எரிபொருள் முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உட்சென்றதும் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்கிறது. நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாலும் உடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேர்வதில்லை. மண்ணெண்ணெய்க் காலத்தில் அரைகுறையாக எரிந்த எண்ணெயின் நாற்றம் மூக்குக்கு எச்சரிக்கை தந்தது. இன்று அந்த எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது. டீசல் வாகனங்களில் இவ்வாயு குறைவு. ஆயினும் அவற்றின் கரிப்புகையும் நெஞ்சுக்குக் கேடே.

வாகனத்தில் இருப்போர் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்து, வெளியே இறங்கியதும் குறைந்தால் புகைக்குழலைச் சந்தேகியுங்கள். சிறுவர், கர்ப்பிணிகள், முதியோர், இரத்தச்சோகை உள்ளோர் முதலில் பாதிக்கப்படுவர். மயங்கியவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியைப் பெறுங்கள். அவருக்கு ஒட்சிசன் கொடுக்கவேண்டியிருக்கும்.

ஏன் ஓட்டை விழுகிறது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது. வீட்டிலிருந்து சந்திவரை மட்டும் ஓடும் வாகனத்தில் குழல் நன்றாகச் சூடேறுவதில்லை. ஆவி நீராகி உள்ளே தேங்கிவிடும். குழல் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெளியே எமது கடற்காற்றின் உப்பும் சேர்ந்து தின்னும். குழலைத் தாங்கும் ரப்பர் அறுந்தால் குழல் தொங்கி ஆடி, பொருத்துக்களில் வெடிக்கும். ஆகவே ரப்பரைக் காலத்தோடு மாற்றுவதே மிக மலிவான பழுதுபார்ப்பு.

ஓட்டையைக் கண்டறிதல்

திறந்த வெளியில், சமதரையில், இயந்திரம் ஆறியபின் தொடங்குங்கள். சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகவேண்டாம்; உறுதியான மரக்குற்றிகளை அண்டை கொடுங்கள். சீமெந்துக் கல் திடீரென நொறுங்கும். அதை அண்டையாக வைக்கலாகாது.

முதலில் கண்ணால் பாருங்கள். புகை கசியும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். பின்பு திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். அடுத்து வாகனத்தை ஜக்கிலிருந்து இறக்கி, பொருத்துக்களில் சவர்க்கார நீரைப் பூசி, குளிர்ந்த இயந்திரத்தை இயக்குங்கள். ஒருவர் மடித்த ஈரச்சாக்கைக் குழலின் முனையில் சில விநாடி மட்டும் அழுத்தட்டும். மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கசியும் இடத்தில் குமிழி எழும், சீறும் ஒலியும் கேட்கும். சைலன்சரின் அடியில் சிறு துளையொன்றிலிருந்து நீர் சொட்டினால் அது நீர் வடிவதற்காகவே விடப்பட்ட துளையாக இருக்கலாம். அதை அடைக்கவேண்டாம்.

செலவுக்கேற்ற மூன்று வழிகள்

1. பொருத்து தளர்ந்திருந்தால்: நட்டுகளை இறுக்குங்கள், தேய்ந்த கிளம்பையும் கஸ்கற்றையும் மாற்றுங்கள். பழைய கஸ்கற்றில் கல்நார் இருக்கலாம். அதை உலரச் சுரண்டாமல், நனைத்தபின் எடுங்கள்.

2. இரும்பு உறுதியாக இருந்து சிறு துளை மட்டும் விழுந்திருந்தால்: சைலன்சரிலும் அதற்குப் பின்னாலும் இவ்வழி பொருந்தும். கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புகைக்குழலுக்கென விற்கப்படும் பசையைப் பூசுங்கள். வர்ணம் சுரண்டிய பால்மாப் பேணித் தகட்டை அதன்மேல் சுற்றி, இரு புறமும் கிளம்பால் இறுக்குங்கள். இது சில மாதத்துக்கான கட்டு மாத்திரமே.

3. இரும்பு உக்கியிருந்தால்: ஒட்டுப்போடுவது வீண் செலவு. உக்கிய துண்டை வெட்டி எறிந்து, அதே உள்விட்டமுள்ள குழல் துண்டை வெல்டிங் செய்வியுங்கள். முழுக் குழலையும் மாற்றுவதைவிட இது மலிவு. பழைய இரும்புக் கடைகளில் நல்ல துண்டுகள் கிடைக்கும். ஒடுங்கிய குழலைப் போட்டால் புகை வெளியேறத் தடைப்பட்டு எரிபொருள் கூடுதலாகச் செல்லும்.

இயந்திரத்தை ஒட்டிய பகுதி பாரத்தோடு ஓடும்போது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அங்கே பசையும் பேணித்தகடும் நிலைக்கா. கஸ்கற்றும் வெல்டிங்குமே அங்கு ஏற்றவை. வெல்டிங்குக்கு முன் பற்றறியின் எதிர்க் கம்பியைக் கழற்றுங்கள்; எரிபொருள் தாங்கி அருகில் இருந்தால் அதை அகற்றியபின்பே நெருப்பு வையுங்கள்.

எந்த வழியைக் கையாண்டாலும் வாகனத்தின் தரைத்தகட்டிலுள்ள துளைகளையும் தகடு வைத்து அடையுங்கள். குழலைத் திருத்திவிட்டுத் தரையை மறப்பது அரைவேலை.

செய்யக்கூடாதவை

தண்ணீர்க் குழாயை வெட்டிப் புகைக்குழலாக ஒட்டுவதை எமது ஊர்களில் காணலாம். அதன் மேலுள்ள நாகமுலாம் வெல்டிங்கில் புகையாகி, வேலை செய்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். சாதாரணப் பிசின் வகைகள் சூட்டில் கருகிவிடும். தலையிடி வருகிறதென்று வானின் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடுவதும் தவறு. ஓடும் வாகனத்தின் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவரும். திருத்தும்வரை பக்க யன்னல்களைத் திறந்து, பின்கதவை மூடி, பின்னால் ஆட்களை ஏற்றாமல் கராஜுக்கு மட்டும் ஓட்டுங்கள். கொட்டிலுக்குள் இயந்திரத்தை இயங்கவிட்டு வேலை செய்யவேண்டாம்.

தோட்டக் கிணற்றுக்கும் இது பொருந்தும். கோடையில் நீர் கீழிறங்கும்போது நீரிறைக்கும் இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவோர் உண்டு. அதே வாயு கிணற்றுக்குள் தேங்கிநிற்கும். அப்படி இயக்கிய கிணற்றுக்குள் எவரும் இறங்கலாகாது. முன்னே இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்கப் பின்னே இறங்குபவரும் மயங்கி விழுவார்.

சேர்ந்து செய்வோம்

ஒரு வாகனத்தைப் பல குடும்பங்கள் பாவிக்கும்போது, பழுதுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியிலேயே மாதங்கள் கழிகின்றன. மேலே சொன்ன வானுக்கும் நடந்தது அதுதான். ஓட்டை சிறிதாக இருந்தபோதே எல்லோருக்கும் சத்தம் கேட்டது, எவரும் பொறுப்பெடுக்கவில்லை. கராஜில் நின்ற அன்றே அந்தக் குடும்பங்கள் ஒரு முடிவு செய்தன. சந்தைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை பேணியில் விழும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் இருவர் குழலைத் தட்டிப் பார்ப்பார்கள். உங்கள் சங்கமும் இதைச் செய்யலாம். காணியையும் வீட்டையும் இழந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். அவர்களின் மூச்சை ஒரு கறள் பிடித்த குழலிடம் ஒப்படைக்கவேண்டாம்.